சுருளியின் ஒரு கைப்பிடிக் கொசுறு

மலையம்மாள் டிபன் கேரியரோடு பட்டறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. அந்த நேரத்தில் அவனியாபுரத்துக்கு யார் வந்து என் முன்னால் நின்றாலும் எனக்குப் பிடிக்காது. பசிவேளையில் நான் மனிதனாக இருப்பதில்லை. ஆனால் மலையம்மாள் வேறு. என் மெஷின் ஆபரேட்டர் சுருளியின் மனைவி அவள். அந்தக் கேரியரில் எனக்கும் ஒரு பங்கு எப்போதும் உண்டு.

சுருளி கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்கி என்ன கொழம்பு?"

"மீனு," என்றாள் மலையம்மாள்.

அவன் முகம் மலர்ந்தது. என் முகமும்தான். மேல் அடுக்கைத் திறந்தான். உள்ளே கறுப்பு மண் அப்பிய பிளாஸ்டிக் துணுக்குகள் ஒரு கை அளவுக்குக் கிடந்தன. ஒரு துணுக்கில் பச்சை நிறத்தில் மீன் வால், இன்னொன்றில் மீன் கண். பாண்டியராஜன் என்ற என் பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எங்கள் பைகளில் நானே ஆசைப்பட்டு அச்சடித்த மீன் அது.

"எழுவது நாளு சூட்டுல கெடந்துச்சு. வாலு அப்படியே இருக்கு, கண்ணு அப்படியே இருக்கு. மக்குற பையாம்ல? இதத்தேன் இன்னிக்கித் தின்னுங்க," என்றாள். கீழ் அடுக்குகளில் வெறும் சோறும் ரசமும் இருந்தன. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம்.

விஷயம் இதுதான். நாங்கள் செய்வது ஈரக்குப்பைக்கான மக்கும் பை. ஓட்டல்களும் கோச்சடைப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளும் காய்த்தோலையும் மிச்சச் சோற்றையும் இந்தப் பையில் கட்டிப் போடுவார்கள். பை பிரிக்கப்படாமல் அப்படியே உரக்கூடத்துக்குப் போகும். குப்பையோடு பையும் சேர்ந்து மக்கி எருவாக வேண்டும். அந்த உரக்கூடத்தில் குவியலைப் புரட்டுவதும், கடைசியில் சல்லடையில் சலிப்பதும் மலையம்மாளின் வேலை. அதாவது, புருஷன் செய்கிற பை மக்கியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவள் பொண்டாட்டி. எந்த ஊரிலாவது எந்த ஆண்பிள்ளைக்காவது இப்படி ஒரு சோதனை வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சுருளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிறான். முன்பு நாங்கள் சாதாரண பாலிதீன் பை போட்டுக்கொண்டிருந்தோம். உருகிய பிளாஸ்டிக் மெஷினின் வாயிலிருந்து குழாய் போல மேலே எழும். உள்ளே காற்று ஊதி உப்ப வைப்போம். அந்த உப்பலுக்குப் பபுள் என்று பெயர். இரண்டு ஆள் உயரம் நிற்கும். அது மேலே போய் உருளையில் அமுங்கிப் படலமாகும், படலம் பையாகும். பபுள் ஆடினால் பை கோணல், கிழிந்தால் அரை மணி நேர வேலை போச்சு. சுருளி அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பான், ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்புவான், அது அடங்கிவிடும். எனக்கு முப்பது வருடமாகியும் அந்தக் கை வரவில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அந்தக் கைக்கு இன்னொரு குணமும் உண்டு. அவனுடைய அம்மா சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் விற்றவர். தராசு நேராக நின்ற பிறகு ஒரு கை அள்ளி மேலே போடாமல் யாரையும் அனுப்பியதில்லையாம். மகனுக்கும் அதே கை. டீ வாங்கிவரச் சொன்னால் ஆளுக்கு ஒன்று போக ஒன்று கூடுதலாக வரும். பட்டறைக்கு வருகிற பூனைக்குக்கூட அவன் அளவாகச் சோறு வைத்துப் பார்த்ததில்லை.

2019-ல் பிளாஸ்டிக் தடை வந்தது. பட்டறையைச் சாத்தினேன். சுருளி ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். அவனியாபுரம் – மாட்டுத்தாவணி. ஒருநாள் நானே அதில் ஏறினேன். ஆட்டோ நிறைந்து வழிந்தது. அதற்குப் பிறகும் நிறுத்தி, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைத் தன் சீட்டில் பாதியைக் கொடுத்து ஏற்றிக்கொண்டான். "என்னடா இது?" என்றேன். "பாவம்ணே, கொசுறு," என்றான். போலீஸ்காரருக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. ஒன்றரை வருடத்தில் அவன் கட்டிய அபராதத்துக்கு ஒரு ஆட்டோவே வாங்கியிருக்கலாம் என்று மலையம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

பிறகு நான் உரிமம் வாங்கி மக்கும் பை போட ஆரம்பித்தேன். சுருளியைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான்.

இந்தச் சரக்கு பழைய பாலிதீன் மாதிரி எதையும் தாங்கிக்கொள்கிற ஜாதி இல்லை. ஈரம் பட்டால் கெடும், சூடு ஒரு பிடி கூடினால் தண்ணீராக ஓடும். வெறுமனே போட்டால் பபுள் நிற்காது. அதனால் கூடவே சிலவற்றைச் சேர்க்க வேண்டும். மண்ணுக்குப் பிடித்தமாக மக்காச்சோள மாவு. மாவு சேர்ந்ததும் படலம் அப்பளம் மாதிரி முறியும், அதை வளைய வைக்கக் கிளிசரின். பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டால்க் தூள். கடைசியாக, பபுள் கிழியாமல் பிடித்து நிறுத்தச் செயின் பொடி. டப்பாவில் செயின் எக்ஸ்டெண்டர் என்று நீளமாக எழுதியிருக்கும். எங்கள் வாயில் அது செயின் பொடி. இருபத்தைந்து கிலோவுக்கு நூறு கிராம். அஸ்வினி எழுதிச் சுவரில் ஒட்டிய அளவு அது. அஸ்வினி வேதியியல் படித்த பெண், கோச்சடையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து எங்கள் சரக்கைச் சோதித்துப் பார்ப்பாள்.

சுருளி எவ்வளவு சுத்தமாக எடை போடுவான் என்று நான் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரானிக் தராசில் நூறு என்று எண் வந்து நிற்கும் வரை மூச்சுக்கூட விடமாட்டான். பபுளும் கம்பீரமாக நிற்கும். பையும் பளபளவென்று வரும். இழுத்தால் கிழியாது. வேறு என்ன வேண்டும்?

மக்க வேண்டும். அது ஒன்றுதான் நடக்கவில்லை.

முதல் குவியலில் துணுக்குகள் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதிலும் வந்தது. அதுதான் டிபன் கேரியரில் வந்த மீன். இதற்கிடையில் முதல் குவியலின் எருவை வாங்கிப்போன இருளாயி என்ற பெண் மூட்டையோடு திரும்பி வந்திருக்கிறாள். வலையங்குளம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவள். "செடிக்கு எரு கேட்டா பிளாஸ்டிக்கத் தாரீக," என்று உரக்கூட வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டாள். சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மூன்றாவது குவியலிலும் ஒரு துணுக்கு வந்தால், இந்த மீன் போட்ட பையை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம்.

உரக்கூடம் வாங்காத பையை எந்த ஓட்டல்காரன் வாங்குவான்? பட்டறையை மறுபடியும் சாத்த வேண்டியதுதான். சுருளி மறுபடியும் ஷேர் ஆட்டோவுக்குப் போக வேண்டியதுதான். அதைவிடப் பெரிய வினை ஒன்று இருந்தது. மலையம்மாள் சூப்பர்வைசரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்: "எங்க வீட்டுக்காரரு செய்யிற பை சார். அதுக்கு நான் பொறுப்பு." கூட வேலை செய்கிற பெண்கள் இப்போது அவளைப் பார்த்தால் மீன் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்களாம்.

அஸ்வினிக்கு உரக்கூடத்தின் மேல்தான் சந்தேகம். குவியலில் போதுமான சூடு ஏறவில்லை என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்று நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. மலையம்மாளின் காதில் விழுந்தது சூட்டைப் பற்றிய பேச்சு. மறுநாள் மூன்று கோழிமுட்டைகளை வாழை இலையில் சுற்றிக் குவியலுக்குள் புதைத்து, மத்தியானம் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து அஸ்வினியின் மேசையில் வைத்தாள்.

"ஒடைச்சுப் பாரு தாயி."

அஸ்வினி உடைத்தாள். வெள்ளைக் கரு தயிர் மாதிரி உறைந்திருந்தது.

"என் குவியல்ல முட்டை வேகுது. ஒங்க பை வேகலைன்னா அது யாரு குத்தம்?"

அஸ்வினி உப்பு கேட்டாள். அந்த முட்டையை அவள் சாப்பிடவும் செய்தாள் என்பதற்காக எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

நான் என் பங்குக்கு மக்கும் பிளாஸ்டிக் குருணை அனுப்புகிறவனோடு போனில் சண்டை போட்டேன். மாவு அனுப்புகிறவனோடும் போட்டேன். நான் என்ன சொல்வேனோ என்று பயந்து டால்க் தூள்காரன் போனையே எடுக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம். அது அப்போது தெரியவில்லை.

மூன்றாவது குவியலுக்கான பை போடுகிற அன்று மலையம்மாளுக்கு வார விடுமுறை. காலையிலேயே வந்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக் கலவை டிரம்முக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குப் புள்ள இங்கன?" என்றான் சுருளி.

"எனக்கு வர்ற குப்பை எங்கன இருந்து கெளம்புதுன்னு பாக்க வாரேன். நீங்க வேலையப் பாருங்க."

சுருளி குருணையைக் கொட்டினான். மாவை எடை போட்டுக் கொட்டினான். கிளிசரின் அளந்து ஊற்றினான். செயின் பொடியைத் தராசில் வைத்தான். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. காகிதத்தை மடித்து டிரம்மில் தட்டினான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அஸ்வினியும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரி.

"அது என்னது?" என்றாள் மலையம்மாள்.

"எது?"

"எடது கையில."

நாங்கள் எல்லோரும் அவன் இடது கையைப் பார்த்தோம். அது செயின் பொடி டப்பாவுக்குள் போய்விட்டு ஒரு கைப்பிடியோடு வெளியே வந்து டிரம்முக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. சுருளியும் அதை யாருடைய கையோ போலப் பார்த்தான்.

"இதா? கொசுறு," என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்தைந்து வருடமாக அந்தக் கை அப்படிப் போய் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பாலிதீன் காலத்தில் கலர் குருணையை எடை போட்ட பிறகும் ஒரு கை அள்ளிப் போடுவான். பையின் நிறம் கொஞ்சம் தூக்கலாக வரும், அவ்வளவுதான். பழகிய கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. அஸ்வினியோ தராசின் எண்ணை மட்டும் பார்க்கிறவள்.

அவள் எழுந்து வந்து அந்தக் கைக்குக் கீழே ஒரு காகிதத்தை நீட்டினாள். "போடுங்கண்ணே இதுல." போட்டான். தராசில் வைத்தாள். ஐம்பத்து நான்கு கிராம்.

"நூத்துக்கு அம்பத்து நாலு கொசுறாண்ணே? எந்தச் சந்தையில இது?"

"கரெக்டா நிறுத்துப் போட்டா மனசு ஒப்ப மாட்டேங்குது மேடம். பபுளுக்கும் ஒரு தெம்பா இருக்கட்டுமேன்னு…"

"தெம்பாத்தான் இருக்கு. அதான் வம்பு." அஸ்வினி சுவரில் சாய்ந்துகொண்டு மலையம்மாளிடம் சொன்னாள். "சூட்டுலயும் ஈரத்துலயும் இந்தச் சரக்கோட நூலெல்லாம் அறுந்து போகும்க்கா. இந்தப் பொடி அதை முடிச்சுப் போட்டுச் சேக்கும். பபுள் நிக்குற அளவுக்கு முடிச்சு இருந்தாப் போதும். அண்ணே ஊருக்கே முடிச்சுப் போட்டு வச்சிருக்காரு. மண்ணுல இருக்குற கிருமிக்கு அதை அவுக்கவே மாசக்கணக்கா ஆகும்."

மலையம்மாள் புருஷனைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"ஆட்டோவுல ஆளு, டிரம்முல பொடி. ஒங்க கையக் கட்டிப் போட்டாத்தேன் ஊரு உருப்படும்," என்றாள்.

சுருளி சிரிக்கவில்லை. எனக்கு அது உறைத்தது. தன்னிடம் இருக்கிற நல்ல குணம் என்று அவன் நினைத்ததே குற்றமாக வந்து நிற்கிறது. அவனுக்குக் காது மடல் சிவந்துபோயிருந்தது.

"அளவா போட்டா பபுளு நிக்காதுண்ணே. அம்புட்டும் கிழிஞ்சு கொட்டும். நீங்களே பாருங்க," என்றான்.

பார்த்தோம். அளவோடு போட்ட கலவை மெஷினுக்குப் போனது. பபுள் ஒரு ஆள் உயரம் எழுந்து தள்ளாடிக் கிழிந்தது. மறுபடியும் எழுப்பினான், மறுபடியும் கிழிந்தது. மூன்றாவது முறை பக்கவாட்டில் ஓட்டை விழுந்து புஸ்ஸென்று சரிந்தது. அவன் இடது கை தானாக டப்பா இருந்த பக்கம் போனது. மலையம்மாள் எழுந்து வந்து, காலைச் சாப்பாடு கொண்டுவந்து காலியாகக் கிடந்த டிபன் கேரியரை அந்தக் கையில் மாட்டிவிட்டாள்.

"பிடிங்க. இது கையில இருக்குற வரைக்கும் வேற எதுக்கும் போகாது."

ஒரு ஆபரேட்டர் இடது கையில் டிபன் கேரியரோடு மெஷின் ஓட்டியதை மதுரையில் நான் ஒருவன்தான் பார்த்திருப்பேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் சுருளி யோசிக்க ஆரம்பித்திருந்தான். கொசுறு இருந்த தைரியத்தில் இத்தனை நாள் யோசிக்காமல் விட்டதையெல்லாம் இப்போது யோசித்தான்.

மெஷினை நிறுத்தினான். குருணையை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தான். "ஈரம் இருக்குண்ணே. நாலு மணி நேரம் காயப்போட்டது பத்தல. வைகையில தண்ணி வந்ததுல இருந்து காத்தே ஈரமாக் கெடக்கு," என்றான். உலர்த்தும் பெட்டியில் புதிய கலவையைப் போட்டு ஆறு மணி நேரம் வைத்தான். அதுவரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. மாலை வெயில் இறங்குகிற நேரத்தில் மறுபடியும் ஓட்டினான். சூட்டை ஏழு டிகிரி குறைத்தான். மேலே இழுக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்தான். குளிர்காற்று வருகிற வளையத்தைத் துடைத்து, ஒரு பக்கம் அடைத்திருந்த தூசியை ஊதினான். பிறகு ஒரு கையால், கேரியர் கிணுங் கிணுங்கென்று ஆட, திருகைக் கால் சுற்றுத் திருப்பினான்.

பபுள் எழுந்தது. ஆடியது. நின்றது.

பழைய பளபளப்பு இல்லை. கொஞ்சம் மங்கலாக, மோர் நிறத்தில் இருந்தது. ஆனால் நின்றது. அஸ்வினி கை தட்டினாள். பட்டறை பிழைத்ததா இல்லையா என்பது தெரிய இன்னும் எழுபது நாள் இருந்தது. ஆனால் இப்படி ஒரு வேலைக்காரன் என்னிடம் இருக்கிறான் என்ற சந்தோஷத்துக்கு அன்றைக்கு எழுபது நாள் காத்திருக்கத் தேவையில்லை.

அந்தப் பைகள் ஓட்டல்களுக்குப் போய்க் குப்பையோடு உரக்கூடத்துக்கு வந்தன. மலையம்மாள் அவற்றைத் தனிக் குவியலாகப் போட்டாள். அடுத்த இரண்டு மாதமும் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சுருளிக்கு உத்தரவு. அவன் என்னிடம் வந்து புலம்புவான். "வாரா வாரம் பொரட்டுறாண்ணே. உள்ள என்ன தெரியுதுன்னு கேட்டா, குப்பை தெரியுதுங்குறா."

எழுபதாவது நாள் சனிக்கிழமை. நானும் சுருளியும் அஸ்வினியும் உரக்கூடத்துக்குப் போனோம். இருளாயியும் வந்திருந்தாள். மலையம்மாள்தான் ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தாள். குறை சொன்னவள் முன்னால்தான் சலிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

மலையம்மாள் சல்லடையைத் தொங்கவிட்டு எருவை வாரிக் கொட்டினாள். ஆட்டினாள். கறுப்பு மண் பொலபொலவென்று கீழே இறங்கியது. மேலே தேங்காய்ச் சில்லு, மாங்கொட்டை, ஒரு கரண்டிக் காம்பு. வாலும் இல்லை, கண்ணும் இல்லை. இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை. பத்தாவது கூடையில் பச்சையாக ஏதோ மின்னியது. சுருளி பாய்ந்து எடுத்தான். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு.

கடைசிக் கூடையும் முடிந்தது. மலையம்மாள் சல்லடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள்.

"மீனு இல்ல," என்றாள் இருளாயியிடம்.

இருளாயி ஒரு கை எருவை எடுத்து மோந்து பார்த்தாள், விரலால் நசுக்கிப் பார்த்தாள். "அஞ்சு கிலோ குடு. மொத அஞ்சு வாங்கிப் பாக்குறேன்," என்றாள். நம்பிக்கை முழுசாக வரவில்லை, வாங்காமல் போகவும் மனமில்லை.

மலையம்மாள் கையைக் கழுவப் போயிருந்ததால் சுருளியே எடை போட்டான். மீன் போட்ட எங்கள் பையில்தான். நான்கு கிலோ தொள்ளாயிரம், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, ஐந்து. தராசில் எண் நின்றது. அவன் இடது கை எருக்குவியல் வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது. எழுபது நாளாகப் பழகிய பயம். திரும்பி மலையம்மாளைப் பார்த்தான்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன நிக்கிறீக? இங்கன போடுங்க," என்றாள். "இங்கன எம்புட்டு வேணா போடுங்க."

சுருளி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான்.